மனு யாருக்கு?

மனு எழுதுவதில் தஞ்சாவூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லையென்றால் மனு. திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லையென்றால் மனு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று மூட்டையைத் தள்ளி வைத்தால், நெல்லைச் சாலையில் கொட்டிவிட்டு அங்கேயே ஒரு மனு. பயிர்க் காப்பீடு, யூரியா, சுடுகாட்டுப் பாதை, எதற்கும் வாசகம் தயாராக இருக்கும். ஆட்சியருக்கு எந்த நடை, அமைச்சருக்கு எந்த நடை என்பது ஊருக்கு ஒருவருக்காவது அத்துப்படி.

பிள்ளைப்பேறு, கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாடு பற்றி எம்.எல்.ஏ.வுக்கு மனு போனதாக மட்டும் அதிகம் கேள்விப்படுவதில்லை. அண்மையில் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு மகளிர் குழுத் தலைவி வந்து, அப்படி ஒன்று எழுதித் தரச் சொன்னார். குழுவில் மூன்று பெண்களுக்கு மூன்று சங்கடம். ஒருத்தி இரண்டு மாதக் கருவைக் கலைக்கப் போன இடத்தில், வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். இன்னொருத்தியிடம், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டால்தான் கலைப்போம் என்றார்களாம். மூன்றாமவள் மூன்றாவது பிள்ளை பெற்றவள். அரசு தரும் மகப்பேறு நிதியுதவி அவளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"மூணையும் ஒரே மனுவில போட்டு எம்.எல்.ஏ.கிட்ட குடுத்துடலாம்க்கா. நூறு கையெழுத்து வாங்கிடறேன்."

"குடுக்கலாம்மா. முதல்ல டீயைக் குடி. மூணும் மூணு தினுசு. ஒரே கவர்ல போட்டா ஒண்ணுக்கும் உருப்படியா பதில் வராது."

அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கே அடைத்திருக்கிறது என்றுதான் நாம் முதலில் பார்ப்போம். மேட்டூரிலேயே திறக்கவில்லையா, கல்லணையில் பிரிக்கும்போது வெண்ணாற்றுக்குக் குறைத்துவிட்டார்களா, இல்லை நம்மூர் மதகில் ஷட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறதா? மேட்டூர் மூடிக் கிடக்கும்போது மதகைத் திறந்து மூடும் லஸ்கரைத் திட்டிப் பயனில்லை. மதகில் அடைப்பு இருக்கும்போது மேட்டூருக்குத் தந்தி கொடுத்தும் பயனில்லை. பெண்ணின் உடம்பு சம்பந்தப்பட்ட அதிகாரமும் இப்படித்தான் டெல்லி, சென்னை, மாவட்டம் என்று மூன்று இடத்தில் பிரிந்து கிடக்கிறது.

டெல்லியிலிருந்து தொடங்குவோம். கருக்கலைப்புச் சட்டம் நாடாளுமன்றம் 1971ல் இயற்றியது. 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு, வெள்ளைக்காரன் 1860ல் எழுதிய தண்டனைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைத்தால் கலைத்தவருக்கும் தண்டனை, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை. அந்தக் குற்றம் இன்றும் அழிந்துவிடவில்லை. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. 1971 சட்டம் செய்தது, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் கருவைக் கலைக்கும் மருத்துவருக்குக் குற்றத்திலிருந்து விலக்குக் கொடுத்ததுதான். ஒரு பெண் கேட்டாள் என்பதே போதும் என்று அந்தச் சட்டத்தில் எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. மருத்துவர் நல்லெண்ணத்தோடு ஒரு கருத்துக்கு வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. பிள்ளை பெறுவதும் பெறாததும் ஒரு பெண்ணின் தனிப்பட்ட சுதந்திரத்தைச் சேர்ந்தது, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் வருவது என்று சொன்னது உச்ச நீதிமன்றம், 2009ல். அதாவது உரிமை நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது விலக்கு.

2021ல் சட்டத்தைத் திருத்தினார்கள். செப்டம்பர் 24 முதல் அது அமலுக்கு வந்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது ஆகாதவர், கர்ப்பக் காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர் போன்ற சில பிரிவினருக்கு மட்டும். 24ஐத் தாண்டினால், கருவில் கடுமையான குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவ வாரியம் பார்த்துச் சொல்ல வேண்டும். கருத்தடை தோற்றுப்போனது என்ற காரணத்தை முன்பு மணமானவர்கள் மட்டுமே சொல்ல முடியும். இப்போது எந்தப் பெண்ணும் சொல்லலாம். 20–24 வாரப் பிரிவில் மணமாகாத பெண்களை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வாரக் கணக்கை மாற்ற வேண்டும், மருத்துவரின் கருத்து என்ற பூட்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது விரும்பினால், எம்.எல்.ஏ.விடம் போய்ப் பயனில்லை. அது எம்.பி.க்கு எழுத வேண்டிய கடிதம். அதிலும் நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர்க்காரர்கள் இருப்பது தஞ்சாவூர் மாவட்டம், அவர்களுடைய எம்.பி. மயிலாடுதுறை எம்.பி. மன்னார்குடி திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது, எம்.பி. தஞ்சாவூர் எம்.பி. விலாசம் மாறிப்போன கடிதங்களுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: "அங்கெல்லாம் மாநில எம்.எல்.ஏ.வுக்குத்தானே எழுதுறாங்க?" உண்மைதான். 2022 ஜூன் 24ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு அரசியல் சாசன உரிமை அல்ல என்று சொல்லி, முடிவை மாநிலங்கள் கையில் விட்டுவிட்டது. டெக்சாஸில் ஒரு சட்டம், கலிபோர்னியாவில் வேறொன்று. அதனால் அங்கே மாநில உறுப்பினர் அலுவலகத்தில் தொலைபேசி ஓயாது அடிக்கிறது. அயர்லாந்தில் வேறு கதை. கர்நாடகத்திலிருந்து போய்க் குடியேறிய பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கலையத் தொடங்கிவிட்ட கருவை மருத்துவமனை அகற்ற மறுத்ததால் 2012 அக்டோபரில் கால்வே நகரில் இறந்துபோனார். அந்தச் சாவு தூக்கிய கேள்வி அந்நாட்டு உறுப்பினர்களை விடவில்லை. 2018 மே மாதம் மக்கள் வாக்கெடுப்பே நடந்து, 66.4 விழுக்காட்டினர் கருக்கலைப்புத் தடையை நீக்க வாக்களித்தார்கள். ஊருக்கு ஊர் தண்ணீர் திறக்கும் இடம் வேறு.

நம் ஊரில் சென்னைக்கு என்ன வேலை என்று கேட்டால், நிறைய இருக்கிறது. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை மருத்துவர், எந்த அரசு மருத்துவமனையில் வாரத்தில் எத்தனை நாள் மகப்பேறு மருத்துவர் இருப்பார், கருக்கலைப்புக்குப் பயிற்சி பெற்றவர் அங்கே உண்டா, மருத்துவ வாரியம் எங்கே கூடும், எல்லாமே மாநில அரசின் கை. மருந்துக் கடைகளும் அப்படித்தான். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையால் கருவைக் கலைக்க சட்ட விதிகளில் இடமுண்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால். 2020ல் ஆறு மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வில், அஸ்ஸாமில் பெரும்பாலான கடைகளில் அந்த மாத்திரை இருந்தது. தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றேதான். கடைக்காரருக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மேல் இருக்கும் பயம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இது பற்றி ஒரு எம்.எல்.ஏ. பேரவையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மாநில அமைச்சர்தான்.

மூன்றாவது பெண்ணின் குறையும் சென்னைக்குத்தான் போக வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987ல் 300 ரூபாயோடு தொடங்கியது. 2018ல் 18,000 ஆனது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து. 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். இந்த 'இரண்டு' எந்தச் சட்டத்திலும் இல்லை. அரசாணையில் இருக்கிறது. ஓர் அரசாணையை மாற்ற ஓர் அரசாணை போதும். எம்.எல்.ஏ. என்பவர் உண்மையிலேயே பயன்படக்கூடிய இடம் இது.

கூடவே இதையும் சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள், அவர்கள் தந்தையிடம் வளர்கிறார்கள். மறுமணத்தில் ஒரு பிள்ளை. உயிரோடு இருக்கும் பிள்ளைகள் இரண்டுக்கு மேல் என்றால் விடுப்புக் கிடையாது என்ற மாநில விதியைக் காட்டி மகப்பேறு விடுப்பை மறுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் முதலில் வென்று, அமர்வில் தோற்று, உச்ச நீதிமன்றம் போனார். 2025 மே 23ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்றது நீதிமன்றம். வயலில் நடவு நடும் பெண்ணுக்கு விடுப்பு என்று ஒன்று கிடையாது. அவளுக்கு இருப்பது அந்த 18,000 தான். ஆசிரியைக்குப் பேசிய நியாயம் நடவுக்காரிக்கு ஏன் பேசாது என்று ஒரு எம்.எல்.ஏ.விடம் கேட்கலாம். கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

மகளிர் குழுத் தலைவி டீயை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "இரண்டோட நிறுத்துன்னு சொன்னதும் இவங்கதான். இப்ப நிறையப் பெத்துக்கோன்னு சொல்றதும் இவங்கதானேக்கா?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில், அரசியல் சாசனத்தின் 42ஆவது திருத்தம் வந்தது. அதில் இரண்டு காரியம் நடந்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாடும் குடும்பக் கட்டுப்பாடும் பொதுப் பட்டியலில் புதிதாக ஏறின. கூடவே, மக்களவைத் தொகுதி எண்ணிக்கை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைக்கப்பட்டது, பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலம் இடங்களை இழக்கக் கூடாது என்பதற்காக. ஒரே திருத்தத்தில் கருப்பையும் நாற்காலியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. பிறகு 84ஆவது திருத்தம் அந்த முடிச்சை 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இந்தக் காலத்தில் தமிழ்நாடு சொன்னதைச் செய்துகாட்டியது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள்? ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில். சுமை யார் முதுகில் ஏறியது என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

இப்போது தொகுதி மறுவரையறை பயம் வந்ததும் பேச்சு திரும்பியது. 2025 மார்ச் 3ல் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண மேடையில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், முன்பெல்லாம் ஆற அமரப் பிள்ளை பெறுங்கள் என்போம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்ற கருத்தில் பேசினார். தொகுதிகள் குறையும் ஆபத்தைச் சுட்டிக்காட்டத்தான் சொன்னார், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நம் எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் பிள்ளைப்பேறு பற்றித் தாமாக வாய் திறக்கும்போது பேசுவது எண்ணிக்கையைப் பற்றித்தான். குறைத்தாலும் கணக்கு, கூட்டினாலும் கணக்கு. பெரியார் 1930ல் 'குடிஅரசு' இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதும்போதே இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். நாட்டின் வறுமைக்காக, குடும்பச் சொத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்பது தம் பக்கம் என்றார். அரசாங்கங்கள் எடுத்துக்கொண்டது முதல் பக்கத்தை.

பெண்ணின் உடம்பு பற்றிச் சட்டமன்ற உறுப்பினருக்கு மனு போவது இந்த மண்ணுக்குப் புதிதா என்றால், இல்லை. நூறு வருஷத்துப் பழக்கம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1926 இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண். பிறகு அதன் துணைத் தலைவர். 1927ல் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரித்து எழுதியவர்கள் இருந்தார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போல ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்கள் இருந்தார்கள். மூவலூர் நம் மயிலாடுதுறைக்குப் பக்கம். எதிர்த்து மனு எழுதியவர்களும் பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசிக் குலத்துப் பெண்களேதான். தேவதாசிகள் சங்கம் அரசுக்கு விண்ணப்பம் அனுப்பியது: எங்கள் சொத்துரிமை, எங்கள் கலை, எங்களைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வீர்கள் என்று. அந்த அணியின் முன்வரிசையில் இருந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகையருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினாரே, அவரேதான். சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் எதிர்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் மனு குவிந்தது. 1929ல் கோயில் நில மானியம் தொடர்பான ஒரு திருத்தம் நிறைவேறியது. முழுச் சட்டம் 1947ல்தான் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபது வருஷம். முத்துலட்சுமி 1930லேயே, காந்தி கைதானதைக் கண்டித்து, பதவியை விட்டு விலகிவிட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் சபைக்குள் ஒரு பெண் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். 2021 தேர்தலில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களிலும் சேர்த்து 18 தொகுதிகள். 18லும் வென்றவர்கள் ஆண்கள். 234 பேர் கொண்ட பேரவையில் பெண்கள் 12 பேர்தான். 2024ல் மயிலாடுதுறை மக்களவைத் தொகுதியில் வழக்கறிஞர் ஆர். சுதா வென்றபோது டெல்டாவுக்கு ஒரு பெண் எம்.பி. கிடைத்தார். எம்.எல்.ஏ. மட்டத்தில் டெல்டாப் பெண்கள் ஐந்து வருஷம் ஆணிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

போய் நின்றால் என்ன நடக்கும்? எம்.எல்.ஏ.க்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை; டெல்டாவில் பலர் விடியற்காலையிலிருந்து சாவு வீடு, காதுகுத்து என்று ஓடுகிறவர்கள். ஆனால் அவர்கள் பதில் சொல்லும் விதத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. உதவி கேட்டால் கை உடனே நீளும். "இந்தப் பிள்ளைக்கு மெடிக்கல் காலேஜ்ல ஒரு பெட் வாங்கிக் குடுங்க" என்றால் அங்கேயே போன் போடுவார். சிபாரிசுக் கடிதம் தருவார். உரிமை என்று கேட்டால் முகம் மாறும். "அது மத்திய அரசு சட்டம்மா" என்பார் ஒருவர், பாதி உண்மை. "டாக்டருங்க முடிவு, நாம தலையிட முடியாது" என்பார் இன்னொருவர். மனுவைப் படித்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் மகளிரணிக்காரரிடம் தள்ளிவிடுவார் மூன்றாமவர். அதிகம் நடப்பது இது எதுவும் இல்லை. மனுவின் மேல் ஒரு முகப்புக் கடிதம் வைத்து, 'தக்க நடவடிக்கைக்காக' என்று இணை இயக்குநருக்கோ ஆட்சியருக்கோ போகும். அங்கிருந்து எந்த மருத்துவமனை பற்றிய புகாரோ அந்த மருத்துவமனைக்கே போகும். 'அவ்வாறு நடைபெறவில்லை' என்று அங்கிருந்து எழுதி, வந்த வழியே திரும்பி வரும். நெல் கொள்முதல் மனுவும் இப்படித்தான் சுற்றும் என்பதால் நமக்கு இதில் அதிர்ச்சி இல்லை.

இதற்கு மாற்று, உரிமையை அவர் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியாக மடக்கிக் கொடுப்பது. பேரவையில் எம்.எல்.ஏ. வினா எழுப்பலாம், கவன ஈர்ப்புக் கொண்டுவரலாம், மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு தடித்த புத்தகம், தமிழிலேயே, அரசு வெளியிடும். பிரசவ எண்ணிக்கை, தாய் இறப்பு விகிதம் எல்லாம் பெருமையாக இருக்கும். பெருமைப்பட விஷயமும் உண்டு: 2018–20 கணக்கில் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. அதே மாநிலத்தில்தான் 2019–21ல் நூறில் 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் 60ஐத் தாண்டியது. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி எழுத வேண்டும். 'பெண்களின் உரிமையைக் காக்க வேண்டும்' என்று எழுதினால் யாரும் மறுக்கவும் மாட்டார்கள், ஒன்றும் செய்யவும் மாட்டார்கள். 'இந்தத் தொகுதியில் கருக்கலைப்புச் சேவை தரும் அரசு மருத்துவமனைகள் எவை, கடந்த ஆண்டில் எத்தனை மாதம் அங்கே மகப்பேறு மருத்துவர் பணியிடம் காலியாக இருந்தது, கணவர் கையெழுத்துத் தேவையில்லை என்ற சுற்றறிக்கை அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில்?' என்று எழுதினால் யாராவது ஒரு தாளில் ஏதாவது ஓர் எண்ணை எழுதியாக வேண்டும். நிதிநிலை அறிக்கைக்கு முன்பே இதைக் கொடுத்தால் பயன் அதிகம். 2022 ஆகஸ்டில் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் பத்துக் கோரிக்கை கேட்டார்கள். அப்படிப் பட்டியல் கேட்கும்போது பாலமும் பேருந்து நிலையமும் தானாக ஏறிக்கொள்ளும். பிரசவ வார்டு ஏறுவது யாராவது முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தால்தான்.

அரசு ஊழியர்களின் மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதமானது 2016ல் பேரவையின் 110ஆவது விதியின் கீழ் ஓர் அறிவிப்பால். பன்னிரண்டு மாதமானது 2021 நிதிநிலை அறிக்கையில். இரண்டும் நல்ல காரியம். 110 விதி அறிவிப்புக்கு விவாதம் கிடையாது. சலுகை மேலிருந்து வருவதற்கு நாம் பழகிப்போனதில், கீழிருந்து கேட்கும் பழக்கம் தேய்ந்திருக்கிறது.

இனி அந்தக் குழுவின் முதல் இரண்டு குறைகள். அவை மதகில் ஏற்பட்ட அடைப்பு. கணவர் கையெழுத்து என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். 18 ஆகாதவருக்கும் மனநோய் உள்ளவருக்கும்தான் காப்பாளர் கையெழுத்து. கருத்தடை அறுவைக்கும் துணைவரின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை போடவும் இடமில்லை. கருத்தடை முகாம்களில் நடந்த அலட்சியத்தைப் பார்த்து, 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த முகாம்களையே மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. தெரிந்து, விரும்பிக் கொடுக்கும் சம்மதமே சம்மதம் என்றது. இந்த இரண்டுக்கும் முதல் மனு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு, நகல் மாவட்டத்தின் இணை இயக்குநர் நலப்பணிகளுக்கும் துணை இயக்குநர் குடும்ப நலத்துக்கும். கரு வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் திங்கள்கிழமை குறைதீர் கூட்டம் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அந்தப் பெண்ணை அன்றே வேறு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். மனு, அடுத்தவளுக்கு இப்படி நடக்காமல் இருக்க.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கலைத்துக்கொண்ட பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. அது மருத்துவரை மட்டுமே கட்டும். எம்.எல்.ஏ.வின் பி.ஏ.வைக் கட்டாது. ஆட்சியர் அலுவலகத்தில் மனுவுக்கு எண் போட்டுக் கணினியில் ஏற்றுபவரைக் கட்டாது. மனு வாங்கும்போது போட்டோ எடுத்து, சாயங்காலமே முகநூலில் போடும் கட்சித் தம்பியைக் கட்டவே கட்டாது. நம்மூரில் மனு கொடுப்பது என்பதே பாதி போட்டோ எடுப்பது. அதனால் அந்தப் பெண்ணின் பெயரோ தெருவோ மனுவில் வரக் கூடாது. 'எங்கள் குழு உறுப்பினர் ஒருவருக்கு, இந்த மாதத்தில், இந்த மருத்துவமனையில்' என்பது போதும். கையெழுத்து குழுவுடையதாக இருக்கட்டும். நூறு கையெழுத்து என்று கிளம்பினால் நூறு வீட்டில் கதை சொல்ல வேண்டியிருக்கும். அந்த நூறில் ஒன்று அவள் மாமியார் வீடாக இருக்கும். தலைவிக்கு இது சட்டென்று புரிந்தது. கையிலிருந்த நோட்டை மடித்து வைத்துக்கொண்டார்.

மூன்றாவது குறைக்குக் கையெழுத்து எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். கிராம சபையில் தீர்மானமும் போடலாம். அதில் யாருக்கும் ஒளிவுமறைவு வேண்டாம்.

எம்.எல்.ஏ. அசையவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாதது. சட்டமன்றப் பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. பல கட்சி உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள். மாவட்டங்களுக்கு நேரில் வருவதற்கு முன் ஆட்சியர் மூலம் அறிவிப்புக் கொடுத்து மனு வாங்குவார்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்னை, ஒரே துறை. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு, வேலை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், கடன் கேட்டு எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மகப்பேறு நிதியுதவியின் 'இரண்டு பிள்ளை' நிபந்தனையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் இல்லாததும் இந்தத் தடைகள் எதிலும் மாட்டாது. தமிழில் எழுதி, கையெழுத்திட்டு, ஐந்து பிரதி. விலாசம்: தலைவர், மனுக்கள் குழு, சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009. விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய், 30 நாளில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.